நூற்றியோராவது சுற்றுக்குப் பிறகு

இசக்கிராஜா ஒரு சர்க்கார் வேலைக்காகப் பதினோரு வருஷம் பந்து உதைத்தான். வேலை கிடைக்கவில்லை. காலும் போயிற்று. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே அவன் கதையை இப்படி மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: “எல்லாம் அவன் அம்மை செஞ்ச வேலை.” அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மகாராஜன். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறேன், வீடு சங்கரன்கோவிலில். அதற்கு முன்னால் நான் கோல்கீப்பர். பள்ளிக்கூட அணியிலும் பிறகு மாவட்ட அணியிலும் இசக்கி எனக்கு முன்னால் நின்று ஆடினான். அவன் ஸ்டாப்பர் பேக். எதிராளி எங்கள் கோலை நெருங்காமல் மறிக்கிறவன். கோல்கீப்பருக்கு ஆட்டத்தில் தன் ஆட்களின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். இசக்கியின் முதுகைப் பார்த்தே அவன் களைத்திருக்கிறானா, யார் மேலாவது கடுப்பில் இருக்கிறானா, அடுத்து எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்பதையெல்லாம் சொல்லிவிடுவேன். என் பெண்டாட்டியின் முகத்தைக்கூட அவ்வளவு சரியாக நான் படித்ததில்லை.

எங்கள் ஊரில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாலிபாலும் கபடியும். ஃபுட்பால் வந்தது தற்செயலாகத்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பி.டி. சார் ஒருவர் வரும்போது சில பந்துகளைக் கொண்டுவந்தார். சீக்கிரமே வேறு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், பந்துகளை மறந்து விட்டுவிட்டு. விசைத்தறித் தெருக்களின் பையன்கள் நாங்கள் அவற்றை எடுத்துக்கொண்டோம். மைதானம் என்று பெயரே தவிர, அது நெருஞ்சி முள் முளைத்த கட்டாந்தரை. அதில் விழுவதற்கு யோசிக்காதவன் எங்களில் இசக்கி ஒருவன்தான். பந்து எவ்வளவு உயரத்தில் வந்தாலும் எம்பித் தலையைக் கொடுத்துவிடுவான்.

“ஏலே, மண்டை ஒன்னுதாம்லே இருக்கு” என்று பின்னாலிருந்து கத்துவேன்.

“ஒனக்குக் கை ரெண்டு இருக்கு, பிடிச்சுக்கிடுத. எனக்கு வேற என்ன இருக்கு?” என்பான்.

அவன் அப்பா சிவனாண்டி தறி ஓட்டியவர். பஞ்சுத் தூசியில் இருமி இருமி, இசக்கி பத்தாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். அவர் நின்ற தறியில் அம்மா முப்பிடாதியம்மாள் போய் நின்றாள். தறி ஓட்டுவது என்றால் நாள் முழுக்க நிற்பது என்று அர்த்தம். ஓடும் தறிக்கு முன்னால் உட்கார முடியாது. நூல் அறுந்தால் அந்த நொடியே கையைக் கொடுத்து முடிச்சுப் போட வேண்டும். நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் பச்சையாகச் சுருண்டு புடைத்துக்கொண்டன. ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அதை அவள் ஒரு நோயாகவே நினைக்கவில்லை. தறிக்குப் போகிற எல்லாருக்கும் இருப்பதுதானே என்பாள்.

ஆரம்பத்தில் அவளுக்குப் பந்து என்றாலே ஆகாது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மைதானம் வரை வந்து, எங்கள் எல்லோரையும் சேர்த்தே விரட்டியிருக்கிறாள். அப்போது ராயகிரிப் பையன் ஒருவன் வாலிபால் ஆடி ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தான். விளையாட்டுக்காரர்களுக்கு என்று தனியாக இடம் ஒதுக்கி வேலை கொடுக்கிறார்கள் என்பதே எங்கள் தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் முதல் முப்பிடாதியம்மாள் முட்டை அவிக்க ஆரம்பித்தாள். மகனுக்கு முட்டை, தனக்கு வெறும் ரசம். அவளுடைய ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. “எம்பிள்ள ஒக்காந்து பாக்க வேலைக்குப் போயிரணும்” என்பாள். எந்த ஆபீஸ், என்ன பதவி என்றெல்லாம் அவள் கேட்டதே கிடையாது. உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

கோடையில் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் போட்டிகள் நடக்கும். வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஆடவைப்பார்கள். அப்படிப் போய் ஆடியபோதுதான் சாம்ராஜின் கண்ணில் இசக்கி பட்டான். சாம்ராஜ் பாளையங்கோட்டைக்காரர். சென்னையில் ஓர் அரசுத் துறையின் அணிக்கு மேனேஜர். எந்தத் துறை என்று எழுதப்போவதில்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், என்னிடம் எலுமிச்சம்பழம்தான் இருக்கிறது.

“தம்பி, இப்போதைக்கு ஒப்பந்தத்துல வா. ரெண்டு வருசத்துல ஒனக்குப் போஸ்டிங் வாங்கித் தாரேன்” என்றார் சாம்ராஜ்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கித் தரலாம் என்று நிஜமாகவே நினைத்திருப்பார். பெட்டியைக் கட்டிக்கொண்டு இசக்கி ரயிலேறியபோது அவனுக்குப் பத்தொன்பது வயசு. எங்கள் அணியே ஸ்டேஷனுக்குப் போய் நின்று கத்தியது. முப்பிடாதியம்மாள் தறிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு, “வேல ஆன ஒடனே போன் போடு” என்றாள்.

வேலை ஆகவில்லை. காலையில் பயிற்சி, மத்தியானம் அதே துறையின் ஆபீசில் ஃபைல் தூக்குவது, சாயங்காலம் லீக் ஆட்டம். வருஷம் முடிந்ததும் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்து. பெரியமேட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்காவது வேலை நிரந்தரமாகியிருந்தால் இசக்கி சந்தேகப்பட்டிருப்பான், தன் பெயர் மட்டும் ஏன் விடுபடுகிறது என்று. எவனுக்குமே ஆகாததால், எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் ஆட்டத்தை ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பார்த்தேன். கேலரியில் என்னையும் நிழலுக்கு ஒதுங்கிய நாலைந்து பேரையும் தவிர ஆள் இல்லை. எதிரணியில் நைஜீரியாக்காரன் ஒருவன் முன்வரிசையில் ஆடினான். நம் ஆளை விட ஒரு தலை உயரம், பனைமரம் மாதிரி. ஆட்டம் முழுக்க இசக்கி அவனை ஒட்டிக்கொண்டே திரிந்தான். இடித்தார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். கடைசி நேரத்தில் பந்து கோல்கீப்பரைத் தாண்டி உருண்டு போனபோது, எங்கிருந்தோ ஓடி வந்து கோட்டின் மேலிருந்து காலால் கொத்தி வெளியே எடுத்தான். வந்த வேகத்தில் கம்பத்தில் முகம் மோதி முன்பல் இரண்டு போயிற்று. ஆட்டம் முடிந்ததும் அந்த நைஜீரியாக்காரன் வந்து அவனைக் குழந்தை மாதிரி தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டான். இசக்கி வாயெல்லாம் ரத்தத்தோடு சிரித்தான். அன்று கோல் போட்டவனின் படம்தான் மறுநாள் பேப்பரில் வந்தது. ஸ்டாப்பர் பேக்கை எவன் படம் எடுக்கிறான்?

“அடுத்த வருசம் கண்டிப்பா போஸ்டிங், தம்பி” என்று சாம்ராஜ் என் காதுபடவே சொன்னார்.

நடுவில் மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். கடைசி நாளில் பெயர் பட்டியலில் இல்லை. முகாமில் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தான். அதைப் பார்த்துவிட்டு, பையன் இந்தியாவுக்கே ஆடுகிறான் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவன் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

கேரளாவில் ஏழு பேர் ஆடும் போட்டிகள் உண்டு. அங்கே கூட்டம் அள்ளும், ஆடி முடித்ததும் கையில் காசு. அவனோடு ஆடியவர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள், வீடும் கட்டிவிட்டார்கள். இசக்கியையும் கூப்பிட்டார்கள். அது ஃபுட்பால் சங்கத்தின் அனுமதி இல்லாத ஆட்டம், சங்கத்துக்குத் தெரிந்தால் தடை போடுவார்கள், தடை விழுந்தால் போஸ்டிங் நாசமாகிவிடும் என்று சாம்ராஜ் எச்சரித்தார். இசக்கி போகவில்லை. “லே கூறுகெட்டவனே, வராத வேலைக்கு வந்த காச விடுதியேலே” என்று நான் திட்டினேன். “வரும்லே, இவ்வளவு நாள் நின்னாச்சு” என்றான். இவ்வளவு நாள் நின்றாச்சு என்பதுதான் அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே காரணம்.

முப்பது வயசில் முழங்கால் போயிற்று. யாரும் உதைக்கவில்லை. வழக்கம்போல எம்பித் தலையால் பந்தைத் தட்டினான், இறங்கும்போது வலது கால் தரையில் தப்பாக விழுந்தது, உள்ளே தசைநார் அறுந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அவன் தொடையிலிருந்தே நாரை எடுத்து முழங்காலுக்குள் புதிதாகப் பொருத்தி அனுப்பினார்கள். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: நடக்கலாம், ஓடக்கூடாது, சட்டென்று திரும்பவே கூடாது. புது நார் எலும்போடு பிடிக்க முக்கால் வருஷமாவது ஆகும்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முப்பிடாதியம்மாள் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மகன் எழுந்து நடந்தால், வருகிற ஆடித்தபசுக்கு நூற்றியொரு சுற்று சுற்றுகிறேன் என்று. வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் எங்கள் ஊர் ஜனம் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடும். நேர்ந்துகொண்ட எண்ணிக்கையை அந்தத் திருவிழாவுக்குள் நடந்து தீர்க்க வேண்டும். அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் இருந்தவள். அதனால் சுற்றுகிறவர்களின் கால் வலியைத் தன் காலில் வாங்கிக்கொள்கிறாள் என்பது எங்களுக்கு நம்பிக்கை. நானும் சின்ன வயசில் சுற்றியிருக்கிறேன். வலித்தது என்றுதான் ஞாபகம், ஆனால் அதைச் சொன்னால் வீட்டில் உதை விழும்.

அவன் ஊரில் படுத்திருந்த அந்த வருஷம் பார்த்துத்தான் அந்தத் துறை கண் திறந்தது. ஃபுட்பால்காரர்களுக்கு இரண்டே இடம். ஆவணியில் ட்ரையல். சாம்ராஜ் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“தம்பி, நீ பந்தையே தொட வேண்டாம். வந்து மத்தவங்களோட சேந்து ஒரு ஓட்டம் ஓடிக் காட்டிரு. பெறவு நான் பாத்துக்கிடுதேன். இதை விட்டா ஒனக்கு வயசு தாண்டிரும்.”

“கால் இன்னும் பிடிக்கலையே, சார்.”

“பிடிச்சிரும், தம்பி. கடவுள் இருக்காரு.”

முப்பிடாதியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முதலில் சந்தோஷப்பட்டாள், அப்புறம் பயந்தாள். “டாக்டர் சொல்லுத வரைக்கும் ஓடக்கூடாதுலே. சத்தியம் பண்ணு” என்றாள். அவன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஆடி வந்தது. கொடியேறியதும் அவள் தறியை விட்டு வந்த கையோடு கோயிலுக்குப் போவாள், முடிந்த மட்டும் சுற்றுவாள், காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்புவாள். திருவிழா பாதி நாள் கழிந்தும் நேர்ச்சையில் பாதி முடியவில்லை. ஒருநாள் செருப்பே நுழையாத அளவுக்குக் கால் வீங்கி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன். இசக்கி அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“மிச்சத்த நான் சுத்துதேம்மா.”

“ஒனக்குக் காலு சொகமில்லலா?”

“நடக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. மெள்ள நடக்கேன். மகாராசன் கூட வருவான்.”

பெற்றவள் நேர்ந்ததைப் பிள்ளை முடிப்பது எங்கள் ஊரில் வழக்கம்தான். வயசானவர்களுக்காக மகனும் மருமகளும் சுற்றுவதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. அவள் அரை மனசாகச் சரி என்றாள். ஓடமாட்டேன் என்று மறுபடி ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் முதல் சாயங்காலங்களில், வெயில் தணிந்து கல் ஆறியதும், நானும் அவனும் வெளிப்பிரகாரத்தைச் சுற்றினோம். நிஜமாகவே அவன் ஒழுங்காக நடந்தான். ஓரமாக, கூட்டத்தை விட்டு ஒதுங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடிக்கிற கிழவன் மாதிரி அடி அடியாக வைத்து. கணக்குக்கு நான் சட்டைப் பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். திருவிழாவின் முக்கிய நாளான தபசுக் காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிக் கொட்டையும் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போயிற்று. அம்மா சுற்றியதும் அவன் சுற்றியதும் சேர்ந்து நூற்றியொன்று முடிந்துவிட்டது. இதை நான் கோயிலுக்குள்ளேயே நின்று எந்தச் சாமியின் முன்னாலும் சொல்லத் தயார்.

கும்பிட்டுவிட்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தான். காலை நீட்டி மடக்கிப் பார்த்தான்.

“ஏலே, கொஞ்சங்கூட வலியில்லலே.”

“சந்தோசம். எந்தி, வீட்டுக்குப் போவோம்.”

“ஒரே ஒரு சுத்து ஓடிப் பாக்கேன். ட்ரையலுக்கு ஆவுமா, ஆவாதான்னு தெரிஞ்சிரும்.”

“கொன்னுருவேன். ஒங்கம்மைக்குச் சத்தியம் பண்ணியிருக்க.”

“அவ எங்க பாக்கா?” என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். உதறினான். வேகமாகச் சுற்றுகிற இளவட்டங்களின் வரிசையில் சேர்ந்து, முதலில் வேக நடை, பிறகு ஓட்டம். நான் பின்னாலேயே போனேன். அவன் முதுகைப் பார்த்தேன். காலைச் சோதித்துப் பார்க்கிறவனின் முதுகாக அது இல்லை. சோதிக்கிறவன் ஒவ்வொரு அடிக்கும் பயப்படுவான், தோள் இறுகியிருக்கும். இவன் தோள் இரண்டும் தளர்ந்து ஆடின. தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் வெளியே பாய்கிற பையனின் ஓட்டம் அது. ஒரு நிமிஷம் எனக்கே அது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூலையில் ஒரு குடும்பம் பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. இசக்கி வந்த வேகத்தில் அவர்களைப் பார்த்தான், வலது காலை ஊன்றி இடப்பக்கம் வெட்டித் திரும்பினான். மைதானத்தில் ஆயிரம் தடவை செய்ததுதான். உடம்பு திரும்பியது. முழங்கால் திரும்பவில்லை.

அவன் கத்தவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டான். நான் ஓடிப்போய்க் குனிந்தபோது, “போயிட்டுலே” என்றான். முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு, “ஓடுனேன்னு அம்மைட்ட சொல்லாத” என்றான்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புது நார் பிய்ந்ததோடு உள்ளே குருத்தெலும்பும் நசுங்கிவிட்டது என்றார்கள். இனி ஓட்டம் என்ற பேச்சே இல்லை. மாடிப்படி ஏறினாலே கம்பு வேண்டும். ஆவணி ட்ரையல் நடந்தது. இரண்டு இடமும் நிரம்பின. சாம்ராஜ் ஒரு தடவை பேசினார். “சரி விடு தம்பி, ஒனக்குக் குடுத்து வைக்கல” என்றார். அதற்கு அடுத்த வாரம் ஆபீசிலிருந்து வேறு யாரோ கூப்பிட்டு, அணியின் ட்ராக்சூட்டும் அடையாள அட்டையும் அவனிடம் இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். நானே பார்சல் கட்டி அனுப்பினேன். பதினோரு வருஷம் அவர்களுக்காகத் தலையால் பந்து முட்டியவனிடம் ஒரு பழைய ட்ராக்சூட்டைக் கேட்கிறார்களே, இவர்கள் எல்லாம் சோறுதான் தின்கிறார்களா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பார்சல் ஆபீஸில் கத்தி என்ன பிரயோஜனம்?

இசக்கி இப்போது தார் சுற்றுகிறான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கண்டில் நூலை ஏற்றும் வேலை அது. சின்ன மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்வது, எங்கள் பக்கம் பெரும்பாலும் பெண்கள் செய்வது. அம்மா நிற்கிற அதே கொட்டகையில்தான். அவள் ஆசைப்பட்டபடி உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்துவிட்டது என்று அவனே ஒருநாள் சொன்னான். நான் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

பிரகாரத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் ஊர் பார்த்தது. அப்போது நேர்ச்சை முடிந்திருந்ததோ, அவன் கூடுதலாக ஒரு சுற்று ஓடினானோ, யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதால் நானும் வாயைத் திறக்கவில்லை. ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தது. இசக்கி வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் கொட்டகையில், நூல் சிக்கெடுக்கும் முத்துமாரி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாளாம்: “நீ நேந்தத ஒம்மவன விட்டுச் சுத்த வச்சா அம்மன் சும்மா இருப்பாளாக்கா? யாரு நேந்தாளோ அவ காலத்தான கேப்பா?” முத்துமாரி கெட்டவள் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள். ஆனால் அந்தப் பேச்சு தெருவெல்லாம் போயிற்று. முப்பிடாதியம்மாள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாளாம். வீட்டிலும் அவள் மூச்சு விடவில்லை, இசக்கியின் காதில் விழும்படி வேறு யாரும் பேசவும் இல்லை.

அடுத்த ஆடி. கொடியேறிய மறுநாள் காலையில் இசக்கி எனக்குப் போன் போட்டான். “லே, அம்ம வெள்ளனே கோயிலுக்குப் போயிருக்கா. முத்துமாரி சொன்னதுலாம் இன்னைக்குத்தாம்லே எனக்குத் தெரியும். என்னக் கூட்டிட்டுப் போ.”

பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். வெளிப்பிரகாரத்தில் கூட்டம் நெரிந்தது. ஓரமாக நின்று காத்தோம். அவள் வந்தாள். இடது கெண்டைக்காலில் கட்டுப் போட்டிருந்தாள். நரம்பு வெடித்த புண் அது, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அந்தக் காலை ஒரு பக்கமாக வீசி வீசி நடந்து வந்தாள். இசக்கி கம்பை ஊன்றிப் போய் வழியை மறித்தான்.

“எம்மா, நில்லு. எதுக்கு இப்பம் சுத்துத?”

“நேந்தவ நாந்தானலே? நான் முழுசா சுத்தல. அதாம் அவ ஒங்கால வாங்கிட்டா. இப்பமாவது முடிச்சிட்டா, மனசு எறங்குவா.”

“எம்மா, அன்னைக்கே முடிஞ்சிட்டு. நூத்தியொன்னும் முடிஞ்சிட்டு. வேணும்னா மகாராசன்ட்ட கேளு.”

நான் ஆமாம் என்றேன். கடைசிச் சுற்று எங்கே முடிந்தது, எந்தத் தூணோரம் உட்கார்ந்தோம் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

“முடிச்ச பெறவுதாம்மா கால் போச்சு. நாந்தான் கூட ஒரு சுத்து ஓடுனேன். ஒனக்குச் சத்தியம் பண்ணிட்டு ஓடுனேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. நேர்ச்சைலயும் ஒரு கொறையும் இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நாங்கள் சொல்வது உண்மை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாடா என்று நான் நினைத்தேன்.

“எதுக்குலே ஓடுன?” என்றாள்.

அவன் கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டான்.

“அந்த ட்ரையலுக்குத்தான? வேலைக்குத்தான? வேல வேலன்னு இத்தன வருசமா ஒன்ன அரிச்சவ யாரு? நாந்தானலே?” அவள் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. கூட்டிக் கழித்துச் சரியாகத்தான் வருகிறது என்று பார்க்கிறவளின் குரல்.

“இல்லம்மா.” இசக்கி கம்பை விட்டுவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “வேலைக்கு இல்ல. ட்ரையலுன்னு இவன்ட்ட சும்மா சொன்னேன். எனக்கு ஓடணும்போல இருந்துச்சும்மா. எத்தன மாசமா படுத்தே கெடந்தேன். காலு நல்லாருந்துச்சு. அதான் ஓடுனேன். வேற ஒன்னும் இல்லம்மா, சும்மாத்தான் ஓடுனேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை விடுவித்து அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

“என்னத் தேத்துததுக்காவ இப்பிடிச் சொல்லாத, மக்கா” என்றாள். “சும்மா யாராவது ஓடுவாங்களாலே?”

குனிந்து அவன் கம்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தோடு மறுபடி நடந்தாள்.